கால் முன்னால் வந்தவள்

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். எங்கள் ஊரில் அது ஒரு பதவி. அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் ஏறி மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று நம்பிக்கை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், சபை உபதேசியார் என்று யார் யாரோ எங்கள் முற்றத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "மூணு சவுட்டு சவுட்டு மக்கா" என்பார்கள். நானும் கூச்சமே இல்லாமல் மிதிப்பேன். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

நான் கர்ப்பமாகி முப்பத்தேழாம் வாரம் ஸ்கேன் பார்த்த டாக்டர், குழந்தையின் தலை மேலே இருக்கிறது, வயிற்றுக்கு வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாம் என்றார். கர்ப்பப்பை தளர ஊசி போடுவார்களாம். குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே செய்வார்களாம். திரும்பாவிட்டால் ஆபரேஷன். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நானும் இப்பிடித்தான் பொறந்தேன் டாக்டர். எனக்கென்ன குறைச்சல்? அப்பிடியே பெத்துக்கிடுதேன்."

யோசித்துவிட்டு நாளைக்கு வரச் சொன்னார். கூட வந்திருந்த அம்மா ஸ்கேன் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். திரும்பும் வழியில், குழித்துறைப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றபோது என் கையைப் பிடித்தாள்.

"நீ பொறக்கும்போ உனக்கு உடம்பு வந்தாச்சு, தலை வரல்ல. பாதிப் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு பிரசவம் பாத்த நர்சு நின்னு அழுதா. எனக்கு நோவு தாங்கல்ல மக்கா. கர்த்தாவே, பிள்ளை போனா போட்டும், என்னை உயிரோட விடும்னுதான் ஜெபிச்சேன். நீ ஊரானுக்க முதுகுல ஏறி நிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெனப்புதான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஜெபத்துக்காக அல்ல. முப்பது வருஷம் என்னை ஆடவிட்டுப் பேசாமல் இருந்தாளே என்றுதான். பிறகு நான் பிறந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்கு இருபத்தொரு வயது. இப்போதைய என்னைவிட ஒன்பது வயது சின்னவள். அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் குழந்தையைத் திருப்ப ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். வெளியே நிற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து அம்மாவும் உள்ளே வந்தாள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, டாக்டர் இரண்டு கையாலும் அடிவயிற்றிலிருந்து குழந்தையைத் தூக்கி மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளினார். வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். முதல் தடவை நழுவிப் பழைய இடத்துக்கே போய்விட்டது. இரண்டாம் தடவை வயிற்றில் ஒரு மேடு எழும்பி நகர்ந்து போவதை நானே பார்த்தேன்.

"தலை கீழே வந்தாச்சு. துடிப்பும் நல்லா இருக்கு" என்று டாக்டர் ஸ்கேன் திரையை அம்மா பக்கம் திருப்பினார்.

அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ எப்பிடி இருக்கா டாக்டர்? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள்.