கும்மட்டத்துக்கு அடித்த சுண்ணாம்பு

ஜெனரல் பார்வையிட வருகிறார் என்றால் ராணுவத்துக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: சுண்ணாம்பு, காவி. வேப்பமரங்களுக்கு இடுப்பு வரை காவி, பாதையோரக் கற்களுக்கு வெள்ளை. உடைந்த பூந்தொட்டியைக்கூட விட மாட்டார்கள்.

தொண்ணூறுகளில் டில்லி கன்டோன்மென்டில், ராணுவ நிலப் பதிவேட்டை எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் எல்லைக்குள் சுல்தான் காலத்துக் கல்லறை மண்டபம் ஒன்று இருந்தது. பதிவேட்டில் குடியிருப்பு, அலுவலகம், கிடங்கு என்று மூன்றே பத்திகள். எனக்கு முன்பிருந்த மகானுபாவர் அதைக் கிடங்கில் சேர்த்துவிட்டார். கிடங்கு என்று எழுதியிருந்ததால் உள்ளே கூடாரத் துணிகளை அடைத்தார்கள். வெளியே வருடாவருடம் சுண்ணாம்பு அடித்தார்கள். துணிகளை வெளியே இழுக்கச் சோம்பல்பட்டதால் உட்புறம் மட்டும் தப்பியிருந்தது.

அந்த வருடம் தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். டார்ச்சை மேலே அடித்தார். கும்மட்டம் முழுக்க நீலப் பூக்கள். மண்டபத்தின் சாவி ஆறு வருடமாக என் மேஜையில் கிடந்தது. ஒரு நாளும் நான் அண்ணாந்து பார்த்ததில்லை.

என் இந்தியைக் கேட்டே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சார், நீங்க தமிழா? இந்தத் தடவை ஜெனரல் உள்ள வந்து பாப்பார்னு உள்ளயும் சுண்ணாம்பு அடிக்கப் போறாங்களாமே? அதுக்கு முன்னாடி, புராதனக் கட்டடம் ஒண்ணு இருக்குன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு லிஸ்ட் வந்தாப் போதும். அப்புறம் யாரும் கை வைக்க முடியாது."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன்.

மறுநாள் பட்டியலை எங்கள் அதிகாரியின் முன் வைத்தேன். மூளைக்குப் போகவேண்டியதையெல்லாம் மீசைக்கே ஊட்டி வளர்த்த மனிதர்.

"அரே பாபு, இதைக் கல்லறைன்னு எழுதினா டென்ட்டையெல்லாம் எங்கே வைப்பேன்? உன் வீட்லயா? 'இல்லை'ன்னு எழுது, ஜல்தி!" என்று இந்தியில் சீறினார்.

ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். என் பதவி உயர்வு ஃபைல் அவர் மேஜையில் இருந்தது. பல்லைக் காட்டிவிட்டு, 'புராதனக் கட்டடங்கள்: இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் உள்ளேயும் வெள்ளை. ஜெனரல் வந்தார், அண்ணாந்து பார்த்தார், "வெரி க்ளீன் கோடவுன்" என்றார். எங்கள் அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை முட்டாள்களையும் ஒரே கூரையின் கீழ் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்து வெள்ளைக் கும்மட்டத்தின் கீழ் வெகுநேரம் நின்றார்.

"விடுங்க சார். நீங்க எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பீங்க. அவங்க கேக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆமாம்மா" என்றேன். "எவ்வளவோ சொன்னேன்."