திரும்பாத கழுத்து

தொண்ணூறுகளில் பிசியோதெரபி முடித்த நான், கையாலேயே பிடித்துச் சரிசெய்யும் மேனுவல் தெரபி சான்றிதழுக்குச் சென்னை போவதா, பாளையங்கோட்டையிலேயே சேர்வதா என்று குழம்பி, இங்கே பாடம் நடத்தியவரைப் பார்க்கப் போனேன். பருத்த மனிதர். யார் கூப்பிட்டாலும் தேர் திரும்புகிற மாதிரி முழு உடம்போடு திரும்பினார்.

“உங்க கழுத்தே திரும்ப மாட்டேங்குதே சார்?” வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

“படிக்க வாரவனுக்குப் பிடிச்சுப் பாக்க ஒரு கழுத்து வேண்டாமா வே? சென்னையில பொம்மையத்தான் குடுப்பான். பைய யோசிச்சு வாரும்.”

அந்தக் கழுத்துக்காகவே சேர்ந்தேன். கடைசிவரை எங்கள் யார் கைக்கும் அது மசியவில்லை.

சான்றிதழோடு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வழியனுப்ப வந்த சாரைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கழுத்து மட்டும் சுலபமாகத் திரும்பியது. நான் பார்ப்பதைக் கண்டதும், அவசரமாக உடம்பையும் திருப்பிக்கொண்டார்.