ஜெபத்தில் சூடான குப்பி

உதியன்குளங்கரை தையல்காரி ஆனந்தபாயின் இடது மேலிமையில் ஒரு கட்டி. சாதாரணக் கண்கட்டி என்று இரண்டு தடவை கீறி எடுத்தார்கள். இரண்டு தடவையும் அதே இடத்தில் முளைத்தது. பிறகுதான் நெய்யாற்றங்கரையில் ஒரு கண் டாக்டர், இமைக்குள் எண்ணெய் சுரக்கும் சுரப்பியில் வந்த புற்றுக்கட்டி என்று கண்டுபிடித்தார். அது மருந்துக்கு அடங்கும் இனமானால் இமையை முழுக்க வெட்ட வேண்டாம். இல்லாவிட்டால் இமை போகும். அதை அறிய மிளகளவு சதையை எடுத்து, குப்பியிலிட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, திருவனந்தபுரம் ஆய்வகத்துக்குக் கணவர் பொன்னையனிடம் கொடுத்தனுப்பினார். அவள் கண்ணில் கட்டோடு படுத்திருந்தாள்.

இருவரும் முடிவு கேட்கப் போனபோது, ஆய்வகத்து லிஷா கையை விரித்தாள். பாறசாலைக்காரி, இவர்கள் பேச்சே பேசுவாள்.

"ஒண்ணும் கிட்டல சேச்சி. உள்ள இருக்க மெசேஞ்சர் ஆர்.என்.ஏ.யைத்தான் நாங்க பிரிச்செடுக்கணும். கட்டி என்ன செய்யப் போவுதுன்னு அதிலயாக்கும் தெரியும். சூடு பட்டா அழிஞ்சு போவும். வழியில பெட்டியைத் திறந்தியளா?"

பொன்னையன் தன் செருப்பைப் பார்த்தார்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்போர்ட்டோ ஹால் டிக்கெட்டோ, வெளியே போகிற எதுவானாலும் முதலில் சபையார் கைவைத்து ஜெபிக்க வேண்டும்.

"சபைக்குக் கொண்டு போனேன்."

"பெட்டியோடதானே?" என்றாள் ஆனந்தபாய்.

"குப்பியை வெளிய எடுத்துத்தான். பெட்டி மேல ஜெபிச்சா பெட்டிக்கில்லா சுகம் கிட்டும்? எல்லாரும் கையில வாங்கினாவ. மினியக்கா நெஞ்சோட சேத்து வச்சு அழுதா."

லிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஆனந்தபாய்க்கு நெஞ்சு வெந்தது. யாரைத் திட்டுவது? தனக்காக உருகி ஜெபித்தவர்களையா? இனி ஒரு தடவைதான் இமையில் எடுக்க இடமுண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடியும் ஊசி, மறுபடியும் கத்தி.

இந்தத் தடவை கட்டுப்போட்ட கண்ணோடு அவளே பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. சபையை நடத்தும் உபதேசியார் ஈசாக்.

"மக்கா, சபை கூடியிருக்கு. ஒரு நிமிசம் கொண்டு வா."

"நீங்க அங்க இருந்தே ஜெபியுங்க உபதேசியாரே. ஆண்டவருக்குத் திருவனந்தபுரத்துக்கு வழி தெரியுமாக்கும்."

பக்கத்திலிருந்த பொன்னையன் மெல்லப் பெட்டிமேல் கைவைக்கப் போனார். தட்டிவிட்டாள்.

ஆய்வகத்தில் லிஷா கையுறை மாட்டி மூடியைத் திறந்தாள். "நல்ல தணுப்பு உண்டு சேச்சி, ஐஸ் உருகல. இனி பாப்போம்."

ஆனந்தபாய் திறந்திருந்த ஒற்றைக் கண்ணையும் மூடி ஜெபித்தாள். கை மட்டும் எதையும் தொடாமல் மடியிலேயே கிடந்தது.