விசாலம் மாமியும் சேட்டின் எடையும்

விசாலம் மாமி போய்விட்ட செய்தி நம் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கு வருமுன்பே எனக்கு வந்துவிட்டது. கோபர்கைரனேயிலிருந்து அவர் மகள் அழைத்துச் சொன்னாள். முதலில் என்னிடம்தான் சொல்கிறாள் என்று அந்தத் துக்கத்திலும் ஓர் அற்பப் பெருமை எட்டிப் பார்த்தது. "சேட் சாப்பிட்டானான்னுதான் அம்மா கடைசியா கேட்டா" என்றாள். சேட் என்பது பூனை. என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று விசாரிக்க வெட்கமாக இருந்தது.

சேட் என் பூனை என்பதை நம் மாட்டுங்கா கட்டடத்தில் பாதிப்பேர் மறந்தே போய்விட்டீர்கள். பதினான்கு வருஷத்துக்கு முன் மழையில் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வந்தவள் நான். நான் வங்கி வேலைக்குப் போன பகல்களில் எதிர்வீட்டு மாமி தயிர்சாதம் வைத்தார். நான் ஓய்வு பெறுவதற்குள் அவன் அங்கேயே குடிபோய்விட்டான். மீன் பொரித்துக் கூப்பிட்டால் வருவான், தின்பான், நேரே மாமி மடிக்குப் போய்விடுவான். "அவன் இஷ்டத்துக்கு இருக்கட்டும் சந்திரா. நீயும் வாயேன்" என்பார் மாமி. அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலூட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாமி கவலையோடு வந்தார். "நன்னாத்தான் சாப்பிடறான். ஆனா மாசாமாசம் இளைச்சுண்டே போறான்."

அவரிடம் இருந்தது மனிதர் ஏறி நிற்கும் எடை மெஷின். பூனை அதில் நிற்குமா? சேட்டைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி, வரும் எண்ணில் தன்னுடைய நாற்பத்தெட்டைக் கழித்துவிடுவார். ஐம்பத்து நான்கு காட்டிய மெஷின் இப்போது ஐம்பத்தொன்று காட்டியது. ஆறு கிலோ பூனை மூன்றாகிவிட்டது! வயதான பூனை இளைத்தால் தைராய்டு, சிறுநீரகம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஃபோனில் படித்தேன். பயந்திருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது.

"தயிர்சாதம் போட்டா இளைக்காம என்ன செய்யும்? என்கிட்ட விட்டுருங்க மாமி."

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "தூக்கினா கனமாத்தான் இருக்கான். எனக்குத்தான் கை அசந்து போறது. என் தப்புன்னா அழைச்சுண்டு போ" என்றார்.

மறுநாள் டாக்ஸி பிடித்து செம்பூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். அவருடைய மேஜைத் தராசில் சேட் ஐந்து கிலோ தொள்ளாயிரம் இருந்தான். "வஜன் ஏக்தம் டீக் ஹை", எடை கச்சிதமாக இருக்கிறது என்றார் டாக்டர். எங்கள் கழித்தலைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு மாமியைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. மூன்று மாதமாகத் தினமும் அந்த வீட்டை எட்டிப் பார்த்தவள், பூனையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"அப்போ இவனுக்கு ஒண்ணுமில்லையே? அப்பாடா!" என்று சிரித்தார் மாமி.

மாமியைப் பரிசோதித்து, வயிற்றில் கட்டி என்றார்கள். சிகிச்சைக்காக மாமி மகள் வீட்டுக்குப் போனார், சேட் என்னிடம் வந்தான். வந்ததிலிருந்து பாதித் தட்டை அப்படியே வைத்துவிடுகிறான். டாக்டரின் தராசிலேயே இப்போது நான்கரைதான். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது, காரணம் தெரியவில்லை என்கிறார்.

மாமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பூனையும் என் பொறாமையும். அது முன்பு மாமி மேல் இருந்தது, இப்போது பூனை மேல். அவனால் அவருக்காக இளைக்க முடிகிறது. நானோ பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.