மூன்றாவது கிளச்

மூன்றாவது முறையாக அதே செயின்சா வந்து சேர்ந்தபோது, தாமரைக்குத் திருகாணியைத் தொடும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. கிளச் கருகிய வாடை.

மலேசியாவின் சுங்கை வேயில் அவள் வீட்டில் கார் நிறுத்தும் இடம்தான் பட்டறை. பத்தொன்பது வருடம் பக்கத்துத் தொழிற்சாலையில் மின்னணுச் சாமான்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பொருத்தியவள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனதும் ஆறு மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, சின்ன இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டாள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. மரம் வெட்டுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள் நூற்றெண்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுதான் அவளுக்குப் பலகை. யாராவது ஒருவர் அவள் பெயரைச் சொல்வார். மறுநாள் இரண்டு மெஷின் வரும்.

அந்தக் குழுவில்தான் முந்தின நாள் செயின்சாக்காரன் சுகுமாறன் பேசியிருந்தான். அன்று காலை புருஷன் ராஜன் தேநீரை வைத்துவிட்டு, அந்தக் குரல்பதிவைப் போட்டுக் கைப்பேசியை நீட்டினான்.

“பாஸ், அந்த சுங்கை வே அக்காகிட்ட கொடுக்காதீங்க லா. ரெண்டு தடவ கிளச் மாத்திட்டாங்க, ரெண்டும் ரோசாக், கருகிப்போச்சு. மெஷின் வேலை பொம்பளைங்களுக்குச் சரிப்படுமா?”

அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டை விரலை உயர்த்தியிருந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் வரவில்லை, அவனைத் தவிர.

“கடைசி சான்ஸ்க்கா,” என்று மெஷினை மேசைமேல் வைத்தான் சுகுமாறன். கிள்ளான்காரன், முப்பத்தெட்டு வயது. மரக்கடையை மூடிய ஒரு சீனரிடம் அந்தச் செயின்சாவைப் பழையதாக வாங்கியிருந்தான்.

“குரூப்புல நல்லா பேசுறியே தம்பி. ரேடியோவுக்கே போயிடலாம் நீ.”

அவன் தலையைச் சொறிந்தான். “கோவத்துல பேசிட்டேன்க்கா. நாளைக்கு வேலை இருக்கு.”

தாமரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கயிற்றுத் துண்டை நுழைத்துப் பிஸ்டனை நகரவிடாமல் செய்தாள். பிறகு கிளச்சை வலப்பக்கம் திருகினாள். அதன் திருகுமறை தலைகீழ்; மற்றவை இறுகும் பக்கம்தான் இது கழலும். உள்ளே உராயும் கட்டைகள் கரியாகியிருந்தன. அவற்றை மூடும் இரும்புக் கிண்ணம் நீலம் பாரித்திருந்தது. இஞ்சின் ஓட, சங்கிலியை ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தினால்தான் அப்படி ஆகும்.

“பிரேக்க விட்டுட்டுத்தானே வெட்டுற?”

“பதினாறு வருஷமா வெட்டுறேன்க்கா. என்ன கேள்வி இது?”

மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரேக் நன்றாக வேலை செய்தது. மரம் வெட்டும் மெஷினில் ஒரு தூள்கூட ஒட்டாமல் பளபளவென்று இருந்ததுதான் உறுத்தியது.

“எப்பவுமே இவ்வளவு சுத்தமா?”

“ஐயோ, இல்ல. உங்ககிட்ட கொண்டாரதுக்கு முன்ன தண்ணி அடிச்சுக் கழுவிருவேன். அழுக்கோட கொடுத்தா மரியாதையா?”

கழுவிக்கொண்டு வருகிறவனிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. புதுக் கிளச்சைப் போட்டாள். “நாளைக்கு நானும் வரேன். நீ வெட்டுறத நான் பாக்கணும்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிள்ளானில் ஒரு பள்ளி வேலியோரம் அங்சானா மரம் சாய்ந்து கிடந்தது. சுகுமாறன் சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை எடுத்தான். உள்ளே முனீஸ்வரர் கோவில் காசு. செயின்சாவின் முன்பக்கம் கைக்குத் தடுப்பாக நிற்கும் பிளாஸ்டிக்கின் அடியில் அதை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தான். மேலே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தான்.

“இத நான் பாத்ததே இல்லயே!”

“சாமி துணில்ல. உங்க கடையில கருப்பு எண்ணெய்ல கிடக்கக் கூடாதுன்னு அவுத்துட்டுத்தான் கொண்டாருவேன்.”

அந்தத் தடுப்புதான் பிரேக்கின் கைப்பிடியும். முன்னால் தள்ளினால் சங்கிலி நிற்கும். பின்னால் முழுக்க இழுத்தால் விடும். தாமரை இழுத்தாள். வந்தது, ஆனால் கடைசியில் கேட்க வேண்டிய ‘டக்’ கேட்கவில்லை. கையுறையோடு சங்கிலியை இழுத்தாள். இறுகிப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் நகர்ந்தது.

“இப்ப அவுரு. நீயே அவுரு, நான் தொடல.”

அவிழ்த்தான். அவள் இழுத்தாள். டக். சங்கிலி விரலோடு ஓடி வந்தது.

“ஹேண்ட்பிரேக்க விடாம லோரி ஓட்டுன மாதிரி ஓட்டியிருக்க. முடிச்சு அடியில மாட்டிக்குது. போதாததுக்குச் சந்தனமும் மரத்தூளும் சேந்து சிமெண்டா இறுகுது.”

சுகுமாறன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “அப்ப சாமிய எங்கக்கா வைக்கிறது?”

“பின் கைப்பிடியில கட்டேன்.”

“பின்னாடியா? காவலுக்கு வந்தவர் முன்னாடி நிக்க வேணாமா?”

“பெட்ரோல் மூடி?”

“நெருப்பு லா!”

தாமரை அவன் தலையைப் பார்த்தாள். வெறும் தொப்பி. “ஹெல்மெட் ஒண்ணு வாங்கி அதுல கட்டு. சாமி முன்னாடி மட்டுமில்ல, தலைக்கு மேலயே இருப்பாரு.”

சாமிக்கு அதைவிட உயரமான இடம் வேறு இல்லை என்பதை அவனால் மறுக்க முடியவில்லை. எதிர் வரிசை இரும்புக் கடைக்குப் போய் மஞ்சள் ஹெல்மெட்டோடு திரும்பி, துணியை அதன் முன்பக்கம் கட்டினான். மதியத்துக்குள் மரம் துண்டு துண்டானது. கிளச் பக்கத்து மூடியில் தாமரை கையை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது, சுடவில்லை.

மாலையில் குழுவில் அவன் குரல் வந்தது. “பாஸ், மெஷின் செட்டாயிடுச்சு. கோளாறு பிரேக்குல. எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம்தான். சுங்கை வே தாமரை அக்காகிட்ட தாராளமா கொடுங்க, சுத்தமான வேலை.”

“ஆரம்பத்துலயே சந்தேகமாம்!” ராஜன் கொதித்தான். “நீதானே கண்டுபிடிச்ச? எழுது, எழுது.”

“அது கிடக்கட்டும். பேரு சொன்னானா?”

“சொன்னான்.”

“முழுசா?”

“தாமரை அக்கான்னு சொன்னான்.”

அவள் அந்தக் குரல்பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னாள். அது முடிவதற்குள் வாசலில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, புல்வெட்டும் மெஷினைத் தோளிலிருந்து இறக்கினான்.

“கழுவுனியா?” என்று கேட்டாள் தாமரை.

“இல்லக்கா, சாரி, நேரமில்ல.”

“ரொம்ப நல்லது. உள்ள கொண்டா.”