சாயங்காலம் ஆறு மணி லேக்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்தது கணினி அறிவியல். அதனால் கன்னிவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டில் டிவியில் படம் வராவிட்டாலும், மோட்டார் உறுமிவிட்டு நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் சரிசெய்தும் விடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, என் சொந்தக் கம்ப்யூட்டரே கொஞ்ச நாளாகத் தண்ணி காட்டியது.

வேலை பார்ப்பது வீட்டிலிருந்துதான். அதற்காக ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தேன். வேலை முடிந்ததும் அதே இணைப்பில் ஆன்லைன் கேம். ஐந்து பெண்கள் சேர்ந்து, எதிரணியைச் சுட்டு வீழ்த்தி இடம் பிடிக்க வேண்டும். எங்கள் கேப்டன் திண்டுக்கல் டவுன்காரி, டீச்சர் வீட்டுப் பெண், கல்லூரியில் என் பெஞ்சுக்காரி. அணியை ஆரம்பித்ததே நாங்கள் இருவரும்தான்.

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், லேக் அடிக்க ஆரம்பித்துவிடும். நான் பொத்தானை அழுத்துவது ஒரு நேரம், அது விளையாட்டில் நடப்பது இன்னொரு நேரம். அந்தத் தாமதத்தைக் காட்டும் எண்ணுக்குப் பிங் என்று பெயர். பச்சையில் இருக்க வேண்டிய அந்த எண் சிவப்பாகி எகிறும்.

"ஏய், சுவத்தைப் பாத்து ஓடிக்கிட்டு இருக்கடி!" என்று ஹெட்போனில் கேப்டன் கத்துவாள். என் திரையில் நான் கதவோரம் பத்திரமாக ஒளிந்திருப்பேன். அடுத்த நொடி செத்துக் கிடப்பேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் சேர்ந்திருந்த போட்டியின் அரையிறுதி. "சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பயும் இப்படித்தான்னா வேற புள்ளைய எறக்கிருவேன். கோவிச்சுக்காத," என்றாள் கேப்டன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் நான் ஆரம்பித்த அணியில் நானே வேடிக்கை பார்ப்பதா?

முறையாகத் தேடினேன். விளையாட்டில் படத்தின் தரத்தைக் குறைத்தேன், பயனில்லை. வைஃபையை விட்டுவிட்டு, ரௌட்டரிலிருந்து நேராகக் கேபிள் இழுத்தேன், பயனில்லை. கம்ப்யூட்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவே தாமதமே இல்லை. ரௌட்டரைத் தாண்டித்தான் எல்லாம் தேங்கி நின்றது. இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டேன். "எங்க லைன் கிளியரா இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா ரௌட்டருக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். "சிரிக்காதடி. இம்புட்டு வெளக்கு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சா கண்ணு படாதா?"

வியாழக்கிழமை அப்பா ஒரு கல்யாணத்துக்குச் சித்தையன்கோட்டை போயிருந்தார். அன்று லேக்கே இல்லை. மிளகாய் வேலை செய்துவிட்டதாக அம்மாவுக்கு ஒரே பெருமை. வெள்ளிக்கிழமை அப்பா திரும்பினார். ஆறு மணிக்கு லேக்கும் திரும்பியது. விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு, எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டும் ரௌட்டர் பக்கத்தைத் திறந்தேன். அப்பாவின் போன் மடை திறந்த மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு ஓடினேன். அப்பா படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா அனுப்புறீங்க?"

"பாவக்கா பந்தல் தாயி. நாளைக்கு எடுக்கற காயி. ஒட்டன்சத்திரம் யாவாரிக்கு."

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் அவருக்குப் பேச்சும் வீடியோவும்தான். பந்தலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தபடியே படம் பிடிப்பார். தோட்டத்தில் சிக்னல் கிடையாது என்பதால் வீட்டு வாசலுக்கு வந்து வைஃபையில் அனுப்புவார்.

"போட்டோ எடுத்து அனுப்பலாம்லப்பா?"

"போட்டோவுல நல்ல காயை மட்டும் காட்டிப்புடலாம். வீடியோவுல பூச்சி அடிச்சதும் சேந்துல தெரியும்? அதுனாலத்தேன் அந்தாளு நம்ம காயைப் பாக்காமலே வண்டி அனுப்புறாரு."

"ராத்திரி அனுப்புங்களேன்."

"ஆறரைக்குள்ள பாத்தாத்தேன் வண்டி சொல்லுவாரு. அப்புறம் காயை நான் தலையிலயா சொமக்க?"

அண்மையில் பேகம்பூரில் இந்தப் போன் வாங்கியபோது, காயின் மேல் இருக்கும் முள்ளு முள்ளாகத் தெரிய வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவரும் கேமராவை உச்சத் தரத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கனத்த வீடியோ வெளியே போகும் பாதை முழுவதையும் அடைத்துக்கொள்ள, என் துப்பாக்கிக் குண்டுகள் பாகற்காய்க்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கின்றன.

சனிக்கிழமை மதியம் இருவரும் பந்தலுக்குப் போனோம். தரத்தை ஒரு படி குறைத்து எடுத்தோம். அப்பா திரையைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "இந்தா, இந்தக் காயில இருக்க ஓட்டை தெரியுது." இன்னொரு படி குறைத்தோம். "ம்ஹூம். ஓட்டை மறையுது. யாவாரி என்னைய ஏமாத்துக்காரன்னுருவாரு. முன்னாடி வச்சதுலயே வையி." முந்தைய படியிலேயே வைத்தேன். பிறகு ரௌட்டரில் அவர் போனுக்கு ஓர் அளவு போட்டேன்: வீடியோ நிற்காமல் போகும், ஆனால் பாதை முழுவதையும் அடைக்காது. அன்று பயிற்சியின்போது பிங் பச்சையிலேயே இருந்தது. கேப்டன் அப்போதும் முழுசாக நம்பவில்லை. "நாளைக்குப் பாப்போம்டி," என்றாள்.

ஞாயிறு. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் அப்பா கதவருகே வந்து நின்றார்.

"தாயி, அனுப்பவா? இல்ல செத்த நேரம் பொறுக்கவா?"

என் மைக் வழியாக நான்கு பேருக்கும் அது கேட்டுவிட்டது. "யாருடி அது?" என்றாள் கேப்டன்.

"எங்கப்பா. பாவக்கா அனுப்பப் போறாரு."

ஹெட்போனில் ஒரே சிரிப்பு. "அனுப்பச் சொல்லு. என்னதான் ஆகுதுன்னு பாத்துருவோம்!"

"அனுப்புங்கப்பா," என்றேன். ஒரு கண் எதிரி மேல், ஒரு கண் பிங் மேல். எண் சற்றே ஏறி, அங்கேயே நின்றது. எதிரணியில் ஒருத்தி மாடிப்படியில் இறங்கினாள். அழுத்தினேன். அழுத்திய அதே கணத்தில் குண்டு பாய்ந்தது. கடைசிச் சுற்று வரை இழுத்து, எப்படியோ ஜெயித்தோம்.

"அடுத்த மேட்சுக்கும் நீதான்டி," என்றாள் கேப்டன். "ஒங்க அப்பாவையும் சேத்துத்தான் சொல்றேன்."

வாசலில் அப்பாவின் போனில் வியாபாரியின் குரல்: "வீடியோ வந்துருச்சுங்க. காலையில வண்டி வருமுங்க."

"நாங்க பைனல் போறோம்ப்பா!" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

"அதுவும் ஆறு மணிக்குத்தேனா?"

"ஆமாப்பா, வர்ற ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்குப் புடலைதேன் தாயி. சின்னப் பந்தலு. வெரசா நடந்துருவேன்."