நாகரத்னம்மா திருப்பி அனுப்பிய சீட்டுகள்

"நாகரத்னம்மா போயிட்டாங்க சார், நெஞ்சுவலியாம்" என்று சிஸ்டர் வந்து சொன்னபோது, வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் ஓசூர் மருத்துவமனை மருந்தகத்தில் அவர் இருந்த பதினோரு வருடமும் எங்களுக்குள் ஓயாத இழுபறி. நான் சீட்டில் சுருக்கமாகக் கிறுக்கினால் மாத்திரை தரமாட்டார். நோயாளி கையிலேயே திருப்பி அனுப்புவார். "டாக்டருக்கு நாலு எழுத்து மிச்சம், எனக்கு உசுரு போகுது. முழுசா எழுதச் சொல்லுங்க." இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அந்த வரிசையில் நின்று, என்னோடு சேர்ந்து அவரைத் திட்டியவர்கள்தான்.

அவர் விடுப்பில் இருந்ததால் மருந்தகம் மூடியிருந்த ஒரு நாள் கெலமங்கலத்திலிருந்து முனியம்மா மூட்டுவாதத்துக்கு வந்தார். வாரத்தில் ஒரே நாள் போடவேண்டிய மாத்திரை. 'வாரம் ஒருமுறை' என்பதற்கு 'ஓ.டபிள்யூ.' என்று கிறுக்கினேன். ஊர்க்கடையில் அதை 'ஓ.டி.' என்று படித்து, தினம் ஒன்று போடச் சொல்லிவிட்டார்கள். பத்தாம் நாள் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காத நிலையில் தூக்கிவந்தார்கள். பெங்களூரில் மூன்று வாரம் கிடந்து பிழைத்தார்.

"கடைக்காரனுக்குப் படிக்கத் தெரியல" என்று நாகரத்னம்மாவிடம் சொன்னேன்.

"அவன் மேல ஏன் சார் போடறீங்க? உங்க தப்புன்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கெலமங்கலம் போனோம். முனியம்மாவுக்குத் தெலுங்குதான் வரும். என் மன்னிப்பை நாகரத்னம்மாதான் பேசினார், நான் தலை குனிந்து நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில், "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"முழுசா சொன்னேன் சார்."

அவரை அடக்கம் செய்த மறுநாள், அதே மாத்திரையை இன்னொரு பெண்ணுக்கு எழுதினேன். அலுத்துப்போன கை பழைய சுருக்கத்தையே எழுதிவிட்டது. அது தெரிந்தும், சீட்டு திரும்பி வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அப்போதுதான் அவர் செத்துப்போனது எனக்கு உறைத்தது. எழுந்து ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்து, சீட்டை வாங்கி, என் முழங்காலில் வைத்து எழுதினேன்: வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை மட்டும்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். கை வலிக்கிறது, நாகரத்னம்மா. முழுசாகத்தான் எழுதுகிறேன்.